பனியன் கம்பெனி காலண்டரில் பிள்ளையின் புராஜெக்ட்!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி. பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பாய் விரிக்கும் நேரத்தில்தான் அந்தக் குரல் வரும்.

"அம்மா, நாளைக்கு சயின்ஸ் புராஜெக்ட் கொடுக்கணும்."

"ஏங்கண்ணு, இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா? மிஸ் எப்போ சொன்னாங்க?"

"மூணு வாரத்துக்கு முன்னாடி."

அடுத்து நடப்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். தெர்மாகோல் எங்கே, ஃபெவிகால் காய்ந்துபோச்சா, சார்ட் பேப்பர் இருக்கிறதா என்று வீடே அல்லோலப்படும். டவுனில் இருப்பவர்கள் கடை அடைப்பதற்குள் ஓடிப்போய் வாங்கிவிடலாம். அமராவதி நகரில் இருப்பவர்கள் உடுமலைப்பேட்டைக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும். கடைசியில், போன வருஷம் அக்கா செய்த எரிமலையைப் பரணிலிருந்து இறக்கி, அதற்குப் புதுசாகச் சிவப்புப் பெயின்ட் அடிப்பதில் வந்து நிற்கும். பன்னிரண்டு மணிக்கு அம்மா தலைப்பு எழுதிக்கொண்டிருப்பார், அப்பா வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார். புராஜெக்டின் சொந்தக்காரன் மட்டும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பான்.

இதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோக முடியாது. உதவி செய்ய நேரமும் காசும் இருக்கிற வீட்டுப் பிள்ளை, ரெடிமேடாகக் கடையில் விற்கும் மாடலை வாங்கிக்கொண்டு வந்து மார்க் எடுத்துவிடும். ஷிஃப்ட் முடிந்து பத்து மணிக்கு வீடு திரும்புகிற அம்மாவின் பிள்ளை, ஒடிந்துபோன தெர்மாகோலோடு வகுப்பின் கடைசி வரிசையில் நிற்கும். அறிவு வித்தியாசம் அங்கே எதுவும் இல்லை. யார் வீட்டில் யார் விழித்திருந்தார்கள் என்பதற்குத்தான் மார்க் விழுகிறது.

திருப்பூர் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது அமராவதி நகர். 90 அடி அணை, முதலைப் பண்ணை, 1962-ல் தொடங்கப்பட்ட சைனிக் பள்ளி என்று வெளியூர்க்காரர்கள் இந்த ஊரை அடையாளம் சொல்வார்கள். ஆற்றுத் தண்ணீரை நம்பி நெல், கரும்பு, தென்னை. மழை ஏமாற்றுகிற வருஷங்களில் கைகொடுப்பது பனியன். வாரம் முழுக்கத் திருப்பூரில் ரூம் எடுத்துத் தங்கி, சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி, ஞாயிறு ஒருநாள் பிள்ளைகளோடு இருந்துவிட்டுத் திரும்புகிற அப்பாக்கள் உடுமலை, தாராபுரம் சுற்றுவட்டாரத்தில் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், ஞாயிறு ராத்திரி தெர்மாகோலோடு மல்லுக்கட்டுகிற அந்த அப்பா, திங்கள் காலை கம்பெனிக்குள் நுழைந்ததும் உலகத்துக்கே திட்டமிடக் கற்றுக்கொடுக்கிற அளவுக்கு ஒரு முறையில் வேலை பார்க்கிறார். அது கம்பெனி வாசலோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வருவதில்லை.

கப்பல் தேதியிலிருந்து பின்னோக்கி

ஏற்றுமதிக் கம்பெனிகளில் மெர்சண்டைசர் மேசைக்குப் போனால் ஒரு அட்டவணையைப் பார்க்கலாம். 'டைம் அண்ட் ஆக்‌ஷன் காலண்டர்' என்பது முழுப்பெயர். டி.என்.ஏ. என்பார்கள். ஆர்டர் உறுதியான கையோடு போடப்படுவது அது.

அதில் முதலில் முடிவாவது கடைசித் தேதி. சரக்குப் பெட்டி துறைமுகத்தில் கப்பல் ஏற வேண்டிய நாள். அதை வைத்துக்கொண்டு பின்னோக்கி வருவார்கள். அன்றைக்குக் கப்பல் ஏற வேண்டுமென்றால் பேக்கிங் என்றைக்கு முடிய வேண்டும்? அதற்கு முன்னால் செக்கிங், அயர்ன். அதற்கு முன்னால் தையல் லைனில் என்றைக்கு ஏற்ற வேண்டும்? கட்டிங் என்றைக்கு? சாயப்பட்டறையிலிருந்து துணி என்றைக்கு வந்து இறங்க வேண்டும்? நிட்டிங்குக்கு நூல் என்றைக்கு? இப்படி இறங்கிக்கொண்டே வந்து, 'இன்றைக்கு நூலுக்குப் போன் போட வேண்டும்' என்கிற இடத்தில் வந்து நிற்பார்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் திட்டமிட்ட தேதி, இன்னொன்றில் உண்மையில் நடந்த தேதி. இரண்டாவது கட்டம்தான் முக்கியம். சாயம் மூன்று நாள் தள்ளிப்போனால் அந்த மூன்று நாளை எங்கே பிடிப்பது என்று அன்றைக்கே பேச்சு வரும். பிடிக்க முடியாமல் கப்பலைத் தவறவிட்டால், சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டிவரும். அந்தச் செலவு பெரும்பாலும் ஏற்றுமதியாளர் தலையில்தான் விழும். அந்த ஆர்டரில் லாபம் என்று ஒன்று இருந்தால் அது ஆகாயத்தில் பறந்துபோகும்.

பிள்ளைகள் போடும் திட்டம் இதற்கு நேர் எதிர். இன்றைக்கு ஆரம்பிப்போம், முடிகிறபோது முடியும் என்று முன்னோக்கிப் போவார்கள். 'மூணு வாரம் இருக்கு' என்பது அவர்களுக்கு 'இன்னும் காலம் வரவில்லை' என்று கேட்கிறது.

அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன? டேனியல் கானமன், ஏமாஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1979-லேயே இதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். தமிழில் 'திட்டமிடல் மயக்கம்' என்று சொல்லலாம். எத்தனை முறை பட்டாலும், அடுத்த வேலை மட்டும் நினைத்த நேரத்தில் முடிந்துவிடும் என்றே மனித மனம் கணக்குப் போடுகிறது. கனடாவில் 37 கல்லூரி மாணவர்களிடம் அவர்களுடைய ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கோணலாகப் போனால் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். அதாவது, அவர்கள் கற்பனை செய்து பார்த்த மிக மோசமான நிலையைவிட நிஜம் மோசம். 1994-ல் வெளியான ஆய்வு இது. பெயர் வைத்த கானமனே தப்பவில்லை. பள்ளிக்கூடப் பாடத்திட்டம் ஒன்றைத் தயாரிக்கும் குழுவில் அவர் இருந்தபோது, இரண்டு வருஷத்தில் முடியும் என்று எல்லோரும் நினைத்த வேலை எட்டு வருஷம் இழுத்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

அதனால் பிள்ளையிடம் 'எத்தனை நாளில் முடிப்பாய்?' என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. 'போன தடவை சார்ட் எழுத எவ்வளவு நேரம் ஆச்சு?' என்று கேட்க வேண்டும். 'ரெண்டு நாள் சாயங்காலம் ஆச்சு' என்று பதில் வந்தால், இந்தத் தடவையும் இரண்டு நாள்தான். 'இப்போ வேகமா எழுதுவேன்' என்பதை நம்பக் கூடாது.

பையர் யார்?

தேதி போட்டாகிவிட்டது. எதைச் செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி. இங்கேதான் இப்போது பள்ளிக்கூடங்களில் அடிக்கடி காதில் விழும் 'டிசைன் திங்கிங்' வருகிறது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு பள்ளி நடக்கிறது. அவர்கள் சொல்லும் படிகள் ஐந்து. கஷ்டப்படுகிறவரிடம் போய் அவர் பக்கத்திலிருந்து பார்ப்பது முதல் படி. உண்மையான பிரச்னை எது என்று ஒரே வாக்கியத்தில் எழுதுவது இரண்டாவது. கண்டபடி யோசிப்பது, மட்டமான பொருளில் ஒரு மாதிரி செய்வது, அதை அவர் கையில் கொடுத்துப் பார்ப்பது என்று மற்ற மூன்றும் வரும். தோற்றால் திரும்பவும் பின்னால் போகலாம். தோற்பதும் திட்டத்தில் சேர்த்திதான்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதில் பாதி பழைய பாடம். ஒரு டி-ஷர்ட் ஆர்டர் எடுத்த எடுப்பில் லட்சக்கணக்கில் தைக்கப்படுவதில்லை. முதலில் ஃபிட் சாம்பிள் போகும். பையர் தோள்பட்டை அரை இன்ச் கூடுதல் என்று கமென்ட் அனுப்புவார். திருத்தி மறுபடி போகும். நிறத்துக்கு லேப் டிப், பிரின்டுக்குத் தனி சாம்பிள், எல்லா அளவுக்கும் சைஸ் செட், கடைசியாக உற்பத்திக்கு முந்தைய பி.பி. சாம்பிள். அதற்கு 'ஓகே' வந்த பிறகுதான் கட்டிங் மாஸ்டர் துணியில் கை வைப்பார். முதல் சாம்பிளிலேயே ஓகே வாங்கிவிட வேண்டும் என்று அங்கே யாரும் அழுவதில்லை. கமென்ட் வருவது தொழிலின் ஒரு பகுதி.

வித்தியாசம் ஒரே இடத்தில்தான். கம்பெனிக்குத் தன் பையர் யார் என்று தெரியும். பிள்ளைக்குத் தெரியாது. மிஸ்தான் பையர் என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் மிஸ்ஸுக்குப் பிடித்த கலரில் பார்டர் போடுகிறது. அந்தப் பொருளால் யாருக்கு உபயோகம் ஆகப்போகிறதோ அவர்தான் புராஜெக்டின் பையர். அவரைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் அப்படி ஒருவரைப் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பார்த்தார். அயர்ன் வண்டிக்காரர் எரிந்துபோன கரியைக் கீழே கொட்டிக்கொண்டிருந்தார். அப்போது வினிஷாவுக்கு 12 வயது. நாள் முழுக்க அந்தக் கரிப்புகையை யார் சுவாசிக்கிறார்கள், அந்தக் கரிக்கு எத்தனை மரம் போகிறது என்று யோசிக்க ஆரம்பித்து, சூரியசக்தியில் ஓடும் அயர்ன் வண்டியை வடிவமைத்தார். ஐந்து மணி நேரம் நல்ல வெயில் கிடைத்தால் ஆறு மணி நேரம் தேய்க்கலாம் என்பது கணக்கு. வண்டிக்காரருக்கு நாலு காசு கூடக் கிடைக்கட்டும் என்று செல்போன் சார்ஜ் செய்துகொடுக்கும் வசதியையும் சேர்த்தார். அவர் அறிவியல் புத்தகத்தோடு நிறுத்தாமல் அந்த மனிதரையும் பார்த்திருக்கிறார் என்பதற்கு இந்தச் சின்ன விஷயம் போதும். அந்த வண்டிக்கு 2020-ல் ஸ்வீடனின் குழந்தைகளுக்கான பருவநிலைப் பரிசு கிடைத்தது. அடுத்த வருஷம் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் நின்று பேசினார்.

இன்னொரு கதை ஸ்டான்ஃபோர்டிலேயே நடந்தது. 2007-ல் நான்கு மாணவர்களுக்கு ஒரு வகுப்பு புராஜெக்ட் கொடுத்தார்கள். எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்கு மலிவான இன்குபேட்டர் செய்ய வேண்டும். ஜேன் சென், லைனஸ் லியாங், நாகானந்த் மூர்த்தி, ராகுல் பணிக்கர் என்பவர்கள் அந்த நால்வர். விலை உயர்ந்த பாகத்தைக் கழற்றிவிட்டு விலை குறைந்த பாகத்தை மாட்டுவோம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் லைனஸ் நேபாளத்துக்குப் போய் காட்மாண்டு மருத்துவமனையைப் பார்த்தார். அங்கே இன்குபேட்டர்கள் இருந்தன. அவற்றில் குழந்தைகள்தான் இல்லை. தூரத்துக் கிராமங்களில் பிறக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள்ளேயே இறந்துபோயின.

கேள்வியே மாறிவிட்டது. மலிவான இன்குபேட்டரை விட்டுவிட்டு, கரண்ட் இல்லாத வீட்டில் ஒரு தாய் தன் கையாலேயே குழந்தையைக் கதகதப்பாக வைத்துக்கொள்ள என்ன வழி என்று தேடினார்கள். விடை, சின்னத் தூக்கப்பை. அதற்குள் மெழுகு மாதிரி ஒரு பொருள் உள்ள பட்டை. அதைச் சூடாக்கிச் செருகிவிட்டால் சில மணி நேரம் 37 டிகிரியிலேயே நிற்கும். 'எம்ப்ரேஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

பிற்பாடு இந்தியக் கிராமம் ஒன்றில் அதைக் காட்டியபோது ஒரு தாய் சொன்ன விஷயம் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுதான். இங்கிலீஷ் மருந்து வீரியம் அதிகம், டாக்டர் ஒரு ஸ்பூன் சொன்னால் நாங்கள் அரை ஸ்பூன்தான் கொடுப்போம். அப்படியானால் 37 டிகிரி என்று எழுதியிருந்தால் 30-லேயே நிறுத்திவிடுவார் அல்லவா? எண்கள் காட்டும் அளவுகோலை எடுத்துவிட்டு, 'சரியான சூடு வந்துவிட்டது' என்று மட்டும் காட்டும் அடையாளத்தை வைத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தாலும் அந்த அரை ஸ்பூன் விஷயம் தெரிந்திருக்காது.

தென்னந்தோப்பில் ஒரு கணக்கு

ஸ்டான்ஃபோர்டு எங்கே, எட்டாம் வகுப்பு எங்கே என்று தோன்றலாம். அமராவதி நகரைச் சுற்றியுள்ள ஏதோவொரு ஊரில், தோப்பு ஓரத்தில் வீடு இருக்கிற ஒரு பையனை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பையன் கற்பனை. பிரச்னை நிஜம்.

சுருள் வெள்ளை ஈ 2016-ல் பொள்ளாச்சி வட்டாரத்தில் தென்னையில் தென்பட்டது. ஓலையின் அடிப்பக்கத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அது வெளியேற்றும் இனிப்புக் கழிவு கீழ் ஓலைகளில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, பச்சை மட்டை கரி பூசின மாதிரி ஆகிவிடும். கண்டபடி மருந்தடித்தால் அந்த ஈயை அழிக்கிற நல்ல பூச்சிகளும் செத்துப்போகும் என்பதால், மஞ்சள் ஷீட்டில் விளக்கெண்ணெய் தடவித் தோப்பில் கட்டச் சொல்கிறார்கள் வேளாண்துறையினர். மஞ்சள் நிறத்துக்கு ஈ வரும், எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும்.

பையன் முதலில் எழுதும் தலைப்பு 'தென்னையில் வெள்ளை ஈ ஒழிப்பு'. இது பல்கலைக்கழகம் மண்டையை உடைத்துக்கொள்கிற வேலை. எட்டாம் வகுப்புக்கு மூன்று வாரத்தில் ஆகாது. அதனால் நோட்டை மூடி வைத்துவிட்டு, தோப்புக்காரரிடமும், அங்கே வேலை பார்க்கும் அக்காவிடமும், இளநீர் வெட்ட வருபவரிடமும் அவன் பேசப் போகிறான். கேட்கும் விதம் இங்கே முக்கியம். 'வெள்ளை ஈ தொந்தரவா இருக்குங்களா?' என்றால் 'ஆமா சாமி' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 'போன தடவை வந்தப்போ என்ன பண்ணுனீங்க? அப்புறம் என்னாச்சுங்க?' என்று கேட்டால்தான் கதை வரும்.

வரக்கூடிய கதை இப்படி இருக்கலாம். ஷீட் கட்டினோம். பத்து நாள் நன்றாக ஒட்டியது. அப்புறம் எண்ணெய் காய்ந்து, புழுதி படிந்துபோனது. மறுபடி தடவ ஏணி வேண்டும், ஆள் வேண்டும். யாரும் தடவவில்லை. சும்மா தொங்குகிறது.

இப்போது பிரச்னை கைக்கு அடங்குகிற அளவுக்கு வந்துவிட்டது. ஏணி இல்லாமல், வேலைக்கார அக்கா ஒருவரே, வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய் தடவுகிற மாதிரி ஷீட்டை எப்படிக் கட்டுவது? இந்த ஒரு வரியைப் பையன் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அறிவியல் மிஸ்ஸிடம் காட்டிவிடுவதும் நல்லது.

அடுத்து யோசனை. பத்து யோசனையாவது எழுத வேண்டும், கிறுக்குத்தனமானவை உள்பட. கொடிக்கம்பம் மாதிரி கயிறு போட்டு ஏற்றி இறக்கலாம். மரத்தில் கட்டாமல் குச்சி நட்டுக் கட்டலாம். மோட்டார் ரூம் கதவில் வெள்ளிக்கிழமைக் காலண்டர் ஒட்டலாம். டிரோன் வாங்கலாம் (எழுதட்டும், வாங்கப்போவதில்லை). அதில் செலவு குறைந்ததாக இரண்டைத் தேர்ந்தெடுத்து முதல் சாம்பிள் செய்ய வேண்டியதுதான். பழைய கயிறு, மஞ்சள் ஷீட், அரை பாட்டில் விளக்கெண்ணெய் போதும். கட்டும்போது பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். மரம் ஏறுவதும் பூச்சிமருந்து டப்பாவைத் தொடுவதும் இந்த புராஜெக்டில் கிடையாது.

தேதி எப்படி? சமர்ப்பிக்க வேண்டியது மூன்றாவது வெள்ளிக்கிழமை என்றால், அதுதான் கப்பல் நாள். அதற்கு முந்தைய புதன், வியாழன் இரண்டும் காலி. அந்த இரண்டு நாளில் எந்த வேலையும் எழுதக் கூடாது. காய்ச்சல், கரண்ட் கட், மாமன் மகள் சீர் எல்லாவற்றுக்கும் அதுதான் இடம். திங்கள், செவ்வாய் சார்ட்டும் எழுத்து வேலையும். ஞாயிறு எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்கும் நாள். அதற்கு முந்தைய புதன் முதல் சனி வரை இரண்டாவது சாம்பிள் தோப்பில் தொங்கும். அதற்கும் முன்னால், சனி முதல் செவ்வாய் வரை முதல் சாம்பிள். தினமும் சாயங்காலம் ஷீட்டில் ஒரு சாண் சதுரத்துக்குள் எத்தனை ஈ ஒட்டியிருக்கிறது என்று எண்ணி எழுத வேண்டும். அக்காவால் தனியாக இறக்கி ஏற்ற முடிந்ததா, எத்தனை நிமிஷம் ஆனது என்பதையும் குறிக்க வேண்டும். இப்படிப் பின்னால் வந்தால் முதல் வாரம் மிச்சம் இருக்கும். சனி, ஞாயிறு பேச்சு, திங்கள், செவ்வாய் பிரச்னையை எழுதுவது, மீதி நாள் யோசனையும் பொருள் சேகரிப்பும்.

ஒரு நாளைக்கு அரை மணி, முக்கால் மணி நேரத்துக்கு மேல் எங்கேயும் போகவில்லை. டியூஷனும் கெடாது, விளையாட்டும் கெடாது. ஆனால் ஈ எண்ணுகிற வேலையைக் கடைசி ராத்திரியில் யாராலும் செய்ய முடியாது. அப்பா நினைத்தாலும் முடியாது.

செக்கிங் டேபிளில் அப்பா

அப்பா அம்மா என்ன செய்வது? தையல் மெஷினில் உட்காராமல், செக்கிங் டேபிளில் நிற்பது. கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பெண்கள் பீஸில் குறை இருக்கும் இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஊசியைக் கையில் எடுத்துத் தைத்துக்கொடுக்க மாட்டார்கள். பீஸ் தைத்தவரிடமே திரும்பிப் போகும். சார்ட்டில் எழுத்துப்பிழையைப் பார்த்தால் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு. அவ்வளவுதான். 'தா, நான் எழுதித் தர்றேன்' என்று ஸ்கெட்ச் பேனாவைப் பிடுங்கக் கூடாது. சொல்வது சுலபம். பிள்ளை கோணலாக எழுதுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை என்பது எழுதவைத்த அம்மாக்களுக்குத் தெரியும்.

தினமும் கூட இருக்க முடியாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் போதும். சனிக்கிழமை சம்பளக் கணக்குப் பார்க்கிற மாதிரி, ஞாயிறு காலை (ராத்திரி அல்ல!) புராஜெக்ட் கணக்கு. 'நடந்த தேதி' கட்டத்தை மட்டும் பார்த்தால் போதும். தள்ளிப்போயிருந்தால் திட்டுவதற்கு முன்னால், 'அந்த ரெண்டு நாளை எங்கே பிடிக்கலாம் சொல்லு' என்று கேட்கலாம்.

குழுவாகச் செய்கிற புராஜெக்டாக இருந்தால் இன்னொரு தலைவலி. ஐந்து பேர் பெயர் இருக்கும், வேலை ஒரு பெண் குழந்தை தலையில் இருக்கும். தையல் லைனில் காலர் வைப்பவர் ஒருவர், கை ஏற்றுபவர் ஒருவர், பாட்டம் மடிப்பவர் ஒருவர் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஆள் உண்டு. யாரிடம் பீஸ் தேங்கி நிற்கிறது என்று நடந்து போகிறவருக்கே தெரியும். அதேபோல அட்டவணையில் ஒவ்வொரு வேலைக்கு எதிரிலும் ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். 'எல்லோரும்' என்று எழுதினால் 'யாரும் இல்லை' என்று அர்த்தம்.

டிசைன் திங்கிங் என்கிற பெயரில் கலர் கலராகச் சீட்டு ஒட்டிப் போட்டோ எடுத்துக்கொள்வதோடு முடிந்துபோகிற வகுப்புகளும் இல்லாமல் இல்லை. தோப்புக்குப் போகாமல் ஏ.சி. அறையில் உட்கார்ந்து 'விவசாயியின் வலி' என்று சீட்டில் எழுதுவதைவிட, அந்தப் பழைய எரிமலையே தேவலை. எல்லா புராஜெக்டுக்கும் இது பொருந்தாது என்பதும் நிஜம். உப்புப்படிகம் வளர்க்கிற சோதனைக்குப் பையர் தேட வேண்டியதில்லை. ஆனால் காலண்டர் அதற்கும் வேண்டும். படிகம் ஒரு ராத்திரியில் வளராது.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வார்த்தை. அலங்காரத்துக்குப் பத்து மார்க், கண்டுபிடிப்புக்கு ஐந்து மார்க் என்று போட்டால் பெற்றோர் ஃபேன்ஸி ஸ்டோருக்குத்தான் ஓடுவார்கள். மூன்று வாரம் அவகாசம் கொடுக்கிற ஆசிரியர், நடுவில் ஒருநாள் 'முதல் சாம்பிளைக் காட்டு' என்று கேட்டாலே போதும், பாதி வீடுகளில் ஞாயிறு ராத்திரிக் கூத்து நின்றுவிடும்.

இப்படி யோசிக்கிற பிள்ளைகளுக்குக் கதவுகளும் திறந்திருக்கின்றன. 1993-லிருந்து நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பிள்ளைகள் எடுத்துக்கொள்வது உள்ளூர்ப் பிரச்னைகளைத்தான். மத்திய அரசின் 'இன்ஸ்பயர் மானக்' திட்டத்தில் பள்ளி வழியாக யோசனையை அனுப்பித் தேர்வாகும் மாணவருக்கு மாதிரி செய்ய 10,000 ரூபாய் கிடைக்கிறது. நிதி ஆயோக்கின் 'அடல் டிங்கரிங் லேப்' உள்ள பள்ளிகளில் கருவிகளே கையில் கிடைக்கும். தமிழக அரசும் பள்ளி மாணவர்களுக்காகப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. விவரங்களைத் தலைமையாசிரியரிடம் கேட்கலாம்.

இந்த மாதிரி இடங்களில் நடுவராக வருபவர், பளபளக்கிற மாடலைப் பார்த்துவிட்டு, 'இதுக்கு முன்னாடி என்ன செஞ்சு பார்த்தே?' என்று கேட்பதுண்டு. கடையில் வாங்கி வந்தவர்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. அதனால் கயிறு அறுந்து, புழுதி படிந்து, நாலு எறும்பு ஒட்டிக்கொண்டு கிடக்கிற அந்த முதல் ஷீட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, என்ன தேதியில் எதனால் தோற்றது என்று எழுதி, மேசைக்கு அடியில் வைத்திருக்கட்டும். கேட்டால் எடுத்துக் காட்டலாம்.